பிள்ளையார் முதுகில் ஒரு சிட்டிகை

"ஹல்தி பூசின பொண்ணு வாசப்படி தாண்டக் கூடாது," என்றாள் அம்மா.

"நேத்தே தாண்டிட்டேனேம்மா," என்றாள் ரூபீனா.

"அதனாலதான் இன்னைக்குத் தாண்டாதேங்கறேன்."

"தாண்டலேன்னா என் மெஷின் போயிடும்."

"எங்க போவும்? அதுக்கு இன்னா கால் கீதா?"

மீர்சாகிப்பேட்டை வீட்டின் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. ஒரு பக்கம் ஜமக்காளம், ஒரு பக்கம் பூக்கூடை, நடுவில் யாருடைய குழந்தை என்று தெரியாத ஒரு குழந்தை உட்கார்ந்து பாதாம் தின்றுகொண்டிருந்தது. நாளை மறுநாள் ரூபீனாவுக்கு நிக்காஹ். இன்று மாலை மருதாணி. மஞ்சள் சடங்கு முந்தாநாளே முடிந்துவிட்டது. அந்த மஞ்சள் இன்னும் அவள் கழுத்திலும் கையிலும் பளபளத்துக்கொண்டிருந்தது.

காலையில் வந்த போன்தான் எல்லாவற்றையும் கலைத்துவிட்டது. பேசியவர் ராகவேந்திரன், அவள் வேலை பார்க்கும் லேபின் தலைவர். கோட்டூர்புரத்தில் ஆற்றைப் பார்த்த மாடியில் இருக்கிறது அந்த லேப். கம்பெனிகள் தயாரிக்கும் மருந்துகளைப் பிரித்துப் பார்த்து, உள்ளே இருக்க வேண்டியது இருக்கிறதா, இருக்கக் கூடாதது எதுவும் இருக்கிறதா என்று சொல்வது அவர்கள் வேலை.

"ரூபீனா, நீ நேத்து மெஷின்ல ஏத்திட்டுப் போன மாத்திரை இருக்கே," என்றார் அவர். "அதோட கோட்டுல ஒரு மேடு, ஒரு பீக், கூடுதலா வந்திருக்கு. சித்த வந்துட்டுப் போறியா?"

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் ரூபீனா அந்த நிமிஷமே எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

"தனியா அனுப்ப மாட்டேன்," என்றாள் அம்மா. "ஷாகிரா, நீ கூடப் போ. சாயங்காலம் அஸர் தொழுகைக்குள்ள இவளக் கொண்டாந்து இந்தப் பாயில உக்கார வைக்கணும்."

ஷாகிரா ரூபீனாவின் அக்கா. பாண்டி பஜார் பக்கம் ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறாள். பேச ஆரம்பித்தால் நூல் அறுந்தால்தான் நிறுத்துவாள்.

"காவலுக்குப் போறேன்னா ஸ்கூட்டருக்கு பெட்ரோல் யார் போடுவா?" என்று கேட்டுக்கொண்டே சாவியை எடுத்தாள்.

ராஜா அண்ணாமலைபுரம் சிக்னலில் வண்டி நின்றதும் பின்னால் திரும்பினாள்.

"மெஷின் போயிடும்னா இன்னாடி அர்த்தம்?"

"அதுல வேலை செய்ய என் பேர்ல ஒரு அனுமதி இருக்கு ஆபா. இந்த பீக் என் தப்பாலதான் வந்துச்சுன்னு எழுதிட்டா அதை எடுத்துடுவாங்க. மறுபடி ட்ரெய்னிங். பாட்டில் கழுவற இடத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்."

"அந்த மெஷினப் பத்தித்தானே உன் மாமியார்கிட்ட அவ்ளோ பேசின?"

"ஆமா. பொண்ணு பாக்க வந்தன்னைக்கு வஜீஹா ஆன்ட்டி, பிரியாணி செய்யத் தெரியுமான்னு கேட்டாங்க. நான், கல்யாணத்துக்கு அப்புறமும் என் மெஷினுக்குப் போவேன்னு சொன்னேன்."

"அவங்க கேட்டதுக்கும் நீ சொன்னதுக்கும் சம்மந்தமே இல்லியே."

"அப்படியும் சரின்னுட்டாங்க."

"இப்ப போய், மெஷின் இல்ல, பாட்டில் கழுவறேன்னு சொன்னா?"

"அதுக்கும் சரிம்பாங்க. எனக்குத்தான் சரியா வராது."

பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தினார். "இன்னாம்மா, குடும்பக் கதைய வீட்டுல போய் பேசக் கூடாதா? பச்ச விழுந்து எவ்ளோ நேரமாவுது."

லேப் வாசலில் ஆயுத பூஜைக்குக் கட்டின வாழைக்கன்று வாடிச் சாய்ந்திருந்தது. உள்ளே போனால் பார்த்த இடமெல்லாம் சந்தனமும் குங்குமமும். தராசுக்கு ஒரு பொட்டு, அடுப்புக்கு ஒரு பொட்டு, கம்ப்யூட்டர் மவுஸுக்குக்கூட ஒரு பொட்டு. கண்ணாடிச் சாமான்களைக் கழுவும் கனகராஜ் கதவைத் திறந்துவிட்டார். கையில் பூஜைப் பொரி.

"வாங்க மேடம். கல்யாணப் பொண்ணு இங்க இன்னா பண்றீங்க? பொரி சாப்டுறீங்களா?"

"அண்ணே, சார் எங்க?"

"உங்க மெஷின் முன்னாடிதான். காலையிலேர்ந்து அத்தயே மொறச்சிக்கினு கீறாரு."

ரூபீனாவின் மெஷின் ஒரு பீரோவைப் படுக்க வைத்தது போல நீளமாக இருந்தது. அதன் தலைமேல் ஒரு வெற்றிலை, வெற்றிலைமேல் அருகம்புல் சூடி, மஞ்சளில் பிடித்து வைத்த பிள்ளையார். வெயிலில் காய்ந்து அவர் வயிற்றில் ஒரு விரிசல் விட்டிருந்தது. ராகவேந்திரன் மயிலாப்பூர்க்காரர். பூஜையில் எவ்வளவு கண்டிப்போ, வேலையிலும் அவ்வளவு கண்டிப்பு.

"வாம்மா," என்றார் திரும்பாமலே. பிறகு திரும்பினார். "இது யாரு?"

"என் அக்கா சார். காவலுக்கு வந்திருக்காங்க."

"காவலா? எதுக்கு?"

"மணப்பொண்ணு தனியா வெளிய போகக் கூடாது சார்," என்றாள் ஷாகிரா. "நீங்க உங்க வேலையப் பாருங்க. நான் இவளப் பாத்துக்கறேன்."

ராகவேந்திரன் திரையைக் காட்டினார். நேராகப் போகும் ஒரு கோடு, திடீரென்று உயர்ந்து ஒரு பெரிய மலை, மறுபடி நேர்கோடு. கொஞ்ச தூரத்தில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், சின்னதாக ஒரு மேடு.

"பெரிசு இருக்கே, அது மருந்து," என்றார். "அக்கி, அம்மை வந்தவாளுக்குக் குடுக்கறது. வைரஸைப் பெருக விடாம அடக்கும். அது சரியாத்தான் இருக்கு. இந்தச் சின்னது யாரு? அதான் கேள்வி."

"மருந்து கெட்டுப் போய் வந்ததா சார்?"

"இல்லை. மருந்து வெள்ளை. இது நீல வெளிச்சத்தை விழுங்கறது. அப்படீன்னா மஞ்சள் நிறம். வெள்ளை மாத்திரைக்குள்ள மஞ்சள் எங்கேர்ந்து வந்ததுன்னு மண்டையை உடைச்சுண்டிருக்கேன்."

ரூபீனா இன்னும் கிட்டே பார்க்கக் குனிந்து, திரைக்கு நேராக விரலை நீட்டினாள். பர்தாவின் கை மேலே ஏறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஆவாரம்பூ மாதிரி மஞ்சள்.

ராகவேந்திரன் கையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"ஹல்தி சார்."

"எப்போ?"

"ஆயுத பூஜை அன்னைக்கு சாயங்காலம். அதனாலதான் நான் இங்க பூஜைக்கு வரல."

"மறுநாள் விஜயதசமிக்கு இந்தக் கையோடதான் மாத்திரையை அரைச்சியா?"

"க்ளவுஸ் போட்டிருந்தேன் சார். கோட்டும் போட்டிருந்தேன்."

விஜயதசமி அன்று ஒரு வேலையாவது தொடங்கியே ஆக வேண்டும் என்பது அந்த லேபின் வழக்கம். ரூபீனாவுக்குக் கைராசி என்று சொல்லி, கல்யாண லீவில் இருந்தவளைக் கூப்பிட்டு முதல் மாத்திரையை அரைக்க வைத்தவரே அவர்தான். இப்போது அந்தக் கைராசியை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரூபீனா, நான் சொல்றது உனக்கே தெரியும். இந்த லேப்ல தப்புன்னா அதுக்கு ஒரு பேர் இருக்கணும். பேர் இல்லாத தப்பு திரும்பி வரும். என் பொண்ணா இருந்தாலும் எழுதுவேன்."

"தெரியும் சார்."

"நானா இருந்தாலும் எழுதுவேன்."

"அதுவும் தெரியும் சார்."

"கம்பெனிக்காரா மத்தியானத்துக்கு மேல கேப்பா. காரணம் தெரியலேன்னா அரைச்சவா பேர்லதான் போகும்."

ரூபீனாவின் முகம் சுருங்கியது. ஷாகிராவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"இருங்க சார். எனக்கு ஒண்ணு புரியல," என்றாள். "இந்த மெஷின் இன்னாதான் பண்ணுது?"

"ஆபா, இப்பவா?"

"இப்பதான். தங்கச்சி மெஷின் எதுக்குப் போகுதுன்னு தெரியாம நான் எப்பிடி அழறது?"

ரூபீனா ஒரு நிமிஷம் யோசித்தாள். "மாம்பலம் ஸ்டேஷன்ல ட்ரெயின் நிக்குதுன்னு வெச்சுக்கோ. ஒரு கூட்டமே இறங்குது. எல்லாரும் ரங்கநாதன் தெருவுக்குள்ள ஒரே நேரத்துல நுழையறாங்க. வேலைக்குப் போறவங்க எதையும் பாக்க மாட்டாங்க. நேரா நடந்து சீக்கிரம் வெளிய வந்துடுவாங்க. வேடிக்கை பாக்கறவங்க கொஞ்சம் லேட்டா வருவாங்க. கடை கடையா நிக்கறவங்க கடைசியா வருவாங்க. இந்த மெஷினுக்குள்ள ஒரு குட்டி எஃகுக் குழாய் இருக்கு. அதான் ரங்கநாதன் தெரு. தெரு முனையில ஒரு வாட்ச்மேன் நின்னு, யார் எப்ப வெளிய வந்தாங்கன்னு கோடு போடறான். ஒவ்வொரு கும்பலுக்கும் ஒரு மேடு."

"நான் நுழைஞ்சா?"

"உனக்கு பீக்கே வராது. நீ வெளிய வர மாட்ட."

ராகவேந்திரன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். "இதை நான் காலேஜ்ல சொல்லிக் குடுத்திருக்கலாம். இத்தனை வருஷம் வீணாப் போச்சு."

"அப்ப இந்த மஞ்சக்காரி யாருன்னு கண்டுபிடிக்கணும்," என்றாள் ஷாகிரா. "மஞ்சளா இருக்கறதெல்லாம் எங்க வீட்டு ஹல்தி ஆயிடுமா? என் கடையில மஞ்ச நூலே இருவது தினுசு கீது."

ரூபீனா நிமிர்ந்தாள். கண்ணில் ஏதோ பற்றிக்கொண்டது.

"சார், ஒரு தட்டு போட்டுப் பாக்கலாமா? என் மஞ்சளையும் மாத்திரையையும் பக்கத்துல பக்கத்துல."

"மெஷின் இன்னும் கழுவிண்டிருக்கு. தட்டுன்னா போடலாம். ஆனா உன் மஞ்சளுக்கு எங்கே போறது?"

ஷாகிரா தங்கையின் கையைப் பிடித்து முழங்கையைத் திருப்பினாள். "இந்தா. மடிப்புல இன்னும் அப்பிடியே ஒட்டிக்கினு கீது. எத்தினி கிராம் வோணும்?"

கனகராஜ் பஞ்சு கொண்டுவந்தார். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஷாகிரா மணப்பெண்ணின் முழங்கையைத் தேய்த்தாள். ரூபீனாவுக்குக் கூச்சம் தாங்கவில்லை.

"ஆபா, மெதுவா. சிரிப்பு வருது."

"சிரிக்காத. சாம்பிள் சிந்திடும்."

தட்டு என்பது உள்ளங்கை அகல வெள்ளைப் பூச்சுத் தகடு. ரூபீனா பர்தாவுக்கு மேல் லேப் கோட்டை மாட்டிக்கொண்டு, பென்சிலால் அடியில் ஒரு கோடு இழுத்து, கோட்டின்மேல் இரண்டு புள்ளிகள் வைத்தாள். இடது புள்ளி முழங்கை மஞ்சள். வலது புள்ளி மாத்திரைக் கரைசல். அது ஒரு தடவை வைத்தால் தெரியாது என்று காய வைத்துக் காய வைத்து அதே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்தாள். பிறகு தகட்டை ஒரு கண்ணாடி ஜாடிக்குள் நிறுத்தினாள். ஜாடியின் அடியில் கொஞ்சம் திரவம்.

"இப்ப அந்தத் தண்ணி தானா மேல ஏறும்," என்றாள். "புள்ளிகளையும் இழுத்துக்கிட்டு ஏறும். யார் எவ்வளவு தூரம் ஏறறாங்கன்னு பாக்கணும்."

"இது படுத்த தெரு இல்ல, நின்ன தெரு," என்றாள் ஷாகிரா.

நாலு பேரும் ஜாடியைச் சுற்றிக் குனிந்தார்கள். ஈரம் மெல்ல ஏறியது. இடது பக்கம் ஒரு மஞ்சள் புள்ளி கிளம்பியது. கிளம்பினது இரண்டாகப் பிரிந்தது. இரண்டு மூன்றானது. ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று மஞ்சள் புள்ளிகள், மேலே இருப்பது நல்ல பருமன், கீழே போகப் போகச் சிறிசு.

"அம்மா, அக்கா, தங்கச்சி," என்றார் கனகராஜ்.

"அசல் மஞ்சள்னா மூணு பேர் வருவா," என்றார் ராகவேந்திரன். குரலில் அவரை அறியாமல் ஒரு சந்தோஷம். "அந்தப் பக்கம் பாரு, அந்தப் பக்கம் பாரு."

வலது பக்கம் ஒரே ஒரு புள்ளி. மங்கலான மஞ்சள். கோட்டைவிட்டுக் கொஞ்சம்கூட நகராமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

"இவ ஏறவே இல்லியே," என்றாள் ஷாகிரா. "கடையில உக்காந்துட்டா."

"இன்னொண்ணும் பாத்துடலாம் சார்," என்றாள் ரூபீனா. அவள் வாய் தன்னால் சிரிக்க ஆரம்பித்திருந்தது. "உங்க வீட்டுல ஆரத்திக்கு என்ன போடுவீங்க?"

"மஞ்சளும் சுண்ணாம்பும்."

"போட்டா?"

"சிவக்கும்."

அவள் தகட்டை வெளியே எடுத்துக் காய வைத்து, இரண்டு பக்கமும் ஒரு சொட்டுக் காரத் தண்ணீர் விட்டாள். முழங்கை மஞ்சளின் மூன்று புள்ளிகளும் குபுக்கென்று சிவந்தன. மாத்திரைப் புள்ளி அசையவில்லை. மஞ்சளாகவே முழித்துக்கொண்டு நின்றது.

"ஆரத்தி ஆகாத மஞ்சள்," என்றார் ராகவேந்திரன். "மஞ்சளே இல்லை. ஏதோ சாயம்."

"அப்ப என் தங்கச்சி மேல தப்பு இல்ல. சார், நாங்க கிளம்பலாமா? வீட்டுல மருதாணிக்கு ஆள் வந்துக்கினு இருக்கும்."

"அவ மஞ்சள் மேல தப்பு இல்லை," என்று ராகவேந்திரன் விரலைத் தூக்கினார். "அவ மேல இல்லைன்னு நான் இன்னும் சொல்லலையே. அரைச்சது அவதானே. இந்தச் சாயம் எப்படி உள்ளே வந்தது? அதுக்குப் பதில் இல்லேன்னா பேர் அவளோடதுதான்."

ஷாகிரா இடுப்பில் கை வைத்தாள். "சார், நீங்க உங்க வீட்டுலயும் இப்பிடித்தானா?"

"எங்காத்துல இன்னும் மோசம்மா."

ரூபீனா மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள், வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டு. "வெறும் தண்ணியை ஏத்தினேன், பீக் இல்ல. சுத்த மருந்தை ஏத்தினேன், பீக் இல்ல. மாத்திரையை ஏத்தினா மட்டும் வருது. ரெண்டுக்கும் அதே ஃப்ளாஸ்க், அதே தண்ணி, அதே கை. மாத்திரைக்கு மட்டும் என்ன வேற?" அவள் நின்றாள். "பொடிக்கணும். சுத்த மருந்து பொடியாவே வரும். மாத்திரையை மட்டும்தான் மார்ட்டர்ல போட்டு அரைக்கணும்."

மார்ட்டர் என்றால் மாத்திரையை அரைக்கும் பீங்கான் கல்வம். தொட்டிப் பக்கம் கவிழ்த்து வைத்திருந்தது. அவள் அதைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள். பொடி வழுக்காமல் இருக்க உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்புக்குள், பார்த்தால் மட்டுமே தெரிகிற மாதிரி, லேசாக எலுமிச்சம்பழ நிறம்.

"கனகராஜ் அண்ணே."

"மேடம்."

"இதை யார் எடுத்தாங்க?"

"நான் எடுக்கல மேடம்." கனகராஜ் பொரியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "எடுத்துக் குடுத்தேன்."

"யாருக்கு?"

கனகராஜ் கண்ணை மட்டும் மெஷினின் தலைமேல் தூக்கினார்.

"அவருக்கு."

"எவருக்கு?"

"பிள்ளையாருக்கு."

ஆற்றங்கரைப் பக்கம் ஒரு காக்கை கத்தியது.

ராகவேந்திரன் மெதுவாகத் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பித்தளைக் கிண்ணத்தை எங்காத்துலேயே மறந்துட்டேன்," என்றார். "நல்ல நேரம் முடியறது, கனகராஜ் எதையாவது குடுடான்னேன். மஞ்சள் பொடியைப் போட்டு, தண்ணி விட்டு, பிசைஞ்சு, நான்தான் பிடிச்சேன்."

"நான் அப்பறமா தேச்சேன் சார். சோப்புப் போட்டு, பிரஷ் போட்டு, சாமி சத்தியமா தேச்சேன்."

"நீ தேச்சேடா. அது சொரசொரப்பு. உள்ளே பிடிச்சுண்டா விடாது."

"பொடி எங்க சார் வாங்கினீங்க?" என்றாள் ரூபீனா.

"மாட வீதியில, பிளாட்பாரத்துல. பாக்கெட்ல ‘பூஜைக்கு மட்டும்’னு போட்டிருந்தது. சமையலுக்கா போடப் போறோம்னு நானும் வாங்கிண்டு வந்துட்டேன். சாயப்பொடியா இருக்கும்னு யார் கண்டா?"

ஷாகிராவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"அப்போ காரணம் தெரிஞ்சுடுச்சு," என்றாள் ரூபீனா.

"தெரியலை," என்றார் ராகவேந்திரன். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். முகம் சிவந்திருந்தது, ஆனால் குரல் இறங்கவில்லை. "சந்தேகம்தான் வந்திருக்கு. உன் மஞ்சளுக்குத் தட்டு போட்டோமோல்லியோ? அவருக்கும் போடணும்."

"யாருக்கு சார்?"

"பிள்ளையாருக்கு."

இப்போது கனகராஜ் பதறினார். "சார், சார். சாமிய எப்பிடி சார் டெஸ்ட் பண்ணுவீங்க?"

"ஒரு சிட்டிகை போதும்டா."

"எங்கேர்ந்து சார் எடுப்பீங்க? தும்பிக்கை வேணாம் சார். வயித்துல ஏற்கெனவே விரிசல் கீது."

"ஜாக்கெட்டு துணிய சாயம் போவுதான்னு பாக்க உள்பக்கம்தான் வெட்டி எடுப்போம்," என்றாள் ஷாகிரா. "முதுகுப் பக்கம் எடுங்க சார். யாரும் பாக்க மாட்டாங்க."

"அது நல்ல யோசனை."

ரூபீனா பின்னால் நகர்ந்தாள். "நீங்களே எடுங்க சார். நான் கை வைக்கல."

ராகவேந்திரன் கையைக் கழுவினார். க்ளவுஸ் மாட்டினார். சின்ன எஃகுக் கரண்டியை ஸ்பிரிட்டால் துடைத்தார். மெஷினின் பின்பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார்.

"மந்திரமா சார்?" என்றாள் ஷாகிரா.

"இல்லை. கோச்சுக்காதே, லேப் ரூல்னு சொல்லிண்டிருக்கேன்."

பிள்ளையாரின் முதுகிலிருந்து ஒரு சிட்டிகை வந்தது. வாழ்நாளில் இவ்வளவு ஜாக்கிரதையாக எதையும் எடுத்திராதவர் மாதிரி அதைக் கண்ணாடிக் குழாயில் போட்டு இறங்கினார்.

இரண்டாவது தகட்டில் மூன்று புள்ளிகள். முழங்கை, மாத்திரை, பிள்ளையார். தகடு ஜாடிக்குள் இறங்கியது. ஈரம் ஏறத் தொடங்கியதும் ஷாகிராவின் போன் அடித்தது.

"எங்கடி இருக்கீங்க?" என்றாள் அம்மா. அறை முழுக்கக் கேட்டது.

"முடியப் போவுதும்மா. இப்ப பிள்ளையாரு ஏறுறாரான்னு பாத்துக்கினு இருக்கோம்."

"எங்க ஏறுறாரு? இன்னாடி உளர்ற?"

"வந்து சொல்றேன்."

ரூபீனாவின் போனும் மினுங்கியது. விஷயம் கேள்விப்பட்ட மாப்பிள்ளை இனாயத்திடமிருந்து ஒரு வரி: ‘மெஷின் நம்மளோடதுதானே?’ அவள் நம்மளோடது என்ற சொல்லை மட்டும் இன்னொரு தடவை படித்துவிட்டுப் போனைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

முழங்கை மஞ்சள் முன்போலவே மூன்றாகப் பிரிந்து மேலே போனது. மாத்திரை நகரவில்லை. பிள்ளையார் நகரவில்லை. கீழே ஒரே மட்டத்தில், ஒரே நிறத்தில், ஜோடி போட்ட மாதிரி இரண்டு புள்ளிகள். காரத் தண்ணீர் விட்டார்கள், இரண்டும் சிவக்கவில்லை. ராகவேந்திரன் தாமாகவே அலமாரியிலிருந்து அமில பாட்டிலை எடுத்து இரண்டுக்கும் ஒவ்வொரு சொட்டு விட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் கத்தரிப்பூ நிறமாக மாறின.

"அண்ணன் தம்பி," என்றார் கனகராஜ், மெல்ல.

ராகவேந்திரன் நாற்காலியில் உட்கார்ந்தார். பிழைப் பதிவேட்டை இழுத்துப் பேனாவைத் திறந்தார். மூன்று பேரும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். பிழைக்குக் காரணமானவர் என்ற இடத்தில் அவர் தன் பெயரை, இனிஷியலோடு, எழுத்து எழுத்தாக எழுதினார்.

"சார்," என்றார் கனகராஜ். "உங்க பேரையா எழுதுறீங்க?"

"பின்னே? பிள்ளையார் பேரையா எழுதறது?"

அதுவரை அடக்கி வைத்திருந்த ஷாகிரா இதற்குமேல் முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரூபீனா சிரித்தாள். ராகவேந்திரனும் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி கண்டிப்பானார்.

"சிரிச்சது போதும். இந்த நிமிஷத்துலேர்ந்து எனக்கு இங்கே எதையும் தொட அனுமதி இல்லை. புது மார்ட்டர் அட்டைப்பெட்டிக்குள்ள இருக்கு. யாராவது திரும்ப அரைச்சு ஏத்தணும்."

"யாராவதா சார்?"

"உன் மெஷின்தானே. ஏத்திட்டுப் போம்மா."

ரூபீனா கோட்டின் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி க்ளவுஸ் மாட்டினாள். புதுக் கல்வத்தில் மாத்திரையைப் போட்டு அரைத்தாள். கரைத்து, வடிகட்டி, குட்டி பாட்டிலில் நிரப்பி மெஷினுக்குள் வைத்தாள். பொத்தானை அழுத்தும்போது ஷாகிரா பின்னால் நின்று சுவர்க் கடிகாரத்தைத் தலைக்கு மேல் தொங்கும் கத்தியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரிசல்ட் வர அரை மணி ஆகும் ஆபா."

"அரை மணிக்கு நான் இங்க நின்னா அம்மா என்னையும் சேத்துக் கட்டி வெச்சுடுவா. ஏறு வண்டியில."

படியிறங்கும்போது மேலேயிருந்து கனகராஜின் குரல் கேட்டது. "சார், இவர எங்க கரைக்கறது? ஆத்துல வுட்றவா?"

"சாயம்டா. ஆத்துல எப்படி விடறது?"

"தொட்டியில?"

"அதுவும் கூடாது. கெமிக்கல் கழிவு டப்பாவிலதான் போடணும், ரூல்படி."

"சாமிய டப்பாவுலயா சார்?"

"என் டிபன் கேரியரைக் கொண்டா," என்றார் ராகவேந்திரன். "எங்காத்துக்கு அழைச்சுண்டு போறேன். கொஞ்ச நாள் இருக்கட்டும், யோசிக்கலாம்."

மீர்சாகிப்பேட்டையில் அஸர் தொழுகை முடிந்து பெண்கள் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ரூபீனா இரண்டு கையையும் நீட்டிப் பாயில் உட்கார்ந்திருந்தாள். மருதாணி போடும் பெண் அவள் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஷாகிராதான் எடுத்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். திரையில் கனகராஜின் நெற்றி மட்டும் தெரிந்தது.

"அண்ணே, போனைத் திருப்புங்க."

நெற்றி போய் லேபின் கூரை வந்தது. கூரை போய் மெஷினின் திரை வந்தது. நேர்கோடு, பெரிய மலை, மறுபடி நேர்கோடு. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. கோடு அமைதியாகப் போய்க்கொண்டே இருந்தது.

"தெரு காலி," என்று ஷாகிரா கூடத்துக்கே அறிவித்தாள்.

"எந்தத் தெரு?" என்றாள் வஜீஹா. மருதாணிச் சீர் கொண்டுவந்திருந்த மாமியார் கிட்டே வந்து போனை எட்டிப் பார்த்தாள். "இதானாம்மா உன் மெஷின்?"

"ஆமா ஆன்ட்டி."

"நல்லா பெருசாத்தான் இருக்கு."

திரையில் ராகவேந்திரன் வந்தார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார், எதையும் தொட்டுவிடாமல் இருக்க. "கம்பெனிக்குச் சொல்லியாச்சு ரூபீனா. இன்னொரு விஷயம். எனக்கு ட்ரெய்னிங் குடுக்கறவா இங்கே அனுமதி உள்ளவாளா இருக்கணும். இப்போதைக்கு நீ ஒருத்திதான் இருக்கே. எப்போ ஆரம்பிக்கறே?"

"வலீமா விருந்தெல்லாம் முடிஞ்சு, லீவு முடிஞ்சு வந்த முதல் நாள் சார்."

"எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?"

"உங்க ரூல்தானே சார். பாட்டில் கழுவற இடத்துலேர்ந்து."

"கனகராஜ் பக்கத்துலயா?"

பின்னாலிருந்து குரல் வந்தது. "இடம் கீது சார். வாங்க."

ரூபீனா சிரித்ததில் கை ஆடியது. உள்ளங்கையில் நேராகப் போய்க்கொண்டிருந்த மருதாணிக் கோடு சட்டென்று ஒரு மேடு ஏறி இறங்கியது.

"ஆட்டாதீங்கன்னு சொன்னேனே," என்றாள் மருதாணிக்காரப் பெண். "அழிச்சிட்டுத் திரும்பப் போடவா?"

"வேணாம், இருக்கட்டும்," என்றாள் ரூபீனா. "இது யாரால வந்ததுன்னு தெரியும்."